குடலுக்குப் போன வெள்ளைக் கலவை

பேரியம் குடித்துக் குடலைப் படம் பிடிக்கச் சொல்லி டொக்டர் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தால், எங்கள் பக்கத்து ஆட்கள் அந்தத் துண்டோடு முதலில் வந்து நிற்பது சீமெந்துக் கல் செய்யும் என் வாடியில்தான். என்ன ருசி, வாந்தி வருமா, உள்ளேயே தங்கிவிடுமா என்று கேட்பார்கள். நானும் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுச் சொல்லத் தொடங்குவேன். நான் தொடங்கினால் வந்தவர் இரண்டு பஸ்ஸையாவது தவறவிடுவார் என்று என் மனைவி புவனம் குறைசொல்வாள். அதனால்தான் எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன். வாசிக்கிறவர் வேண்டாமென்றால் மூடி வைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்கலாம்.

என் தொழில் சீமெந்துக் கல் அரிவது. மணலையும் சீமெந்தையும் குழைத்து, இரும்பு அச்சில் இட்டு, இறுக்கித் தட்டிக் காயவைப்பது. சொந்த ஊர் மண்டூர், வாவிக்கு மேற்கே படுவான்கரையில். சுனாமி வந்து கடற்பக்கத்து எழுவான்கரை வீடுகளை வழித்துக்கொண்டு போன பிறகு அந்தக் கரையில் திரும்பின பக்கமெல்லாம் வீடு கட்டினார்கள், கல்லுக்குப் பெரிய தட்டுப்பாடு. நானும் பாதையில் ஏறி இக்கரைக்கு வந்து, களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு வளவை எடுத்து வாடி போட்டேன். பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்கும் மிதவையை. ஆளும் சைக்கிளும் ஆடும் ஒன்றாக ஏறும். கலவை என்றால் இந்தப் பக்கத்தில் என்னிடம்தான் கேட்க வேண்டும் என்று அந்த நாட்களில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அதை இங்கேயே ஒத்துக்கொள்கிறேன், பிறகு தேவைப்படும்.

சுனாமிக்கு இரண்டாம் வருடம் என் வயிறு வேலைநிறுத்தம் செய்தது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் தொப்புளுக்கு வலது பக்கம் கீழே முறுக்கும். குடல் சத்தம் போடுவது பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேட்கும். பின்னேரம் மெல்லிய காய்ச்சல், காலையில் ஒன்றும் இல்லை. சாரத்தை எவ்வளவு இறுக்கி உடுத்தாலும் இடுப்பில் நிற்கவில்லை. வாடியில் வேலை செய்தவர்கள் நான் யாரையோ காதலிக்கிறேன், அதுதான் மெலிகிறேன் என்று பகிடி பண்ணினார்கள். புவனம் சிரிக்கவில்லை. ஒரு திங்கட்கிழமை என் சாரத்தையும் துவாயையும் பையில் போட்டு, என்னையும் அந்தப் பையைப்போலவே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள்.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை. அங்கே நடந்த பிழைகளில் மிகப் பெரியது நான் செய்தது. அதற்குப் போய் அவர்கள் பெயரை ஏன் இழுக்க வேண்டும்?

சண்டை மூண்டு படுவான்கரையில் செல் குண்டு விழத் தொடங்கியிருந்த காலம் அது. சனம் வாவியைக் கடந்து வந்துகொண்டே இருந்தது. வாட்டில் கட்டிலுக்குக் கீழும் ஆட்கள் படுத்திருந்தார்கள். எனக்கு ஜன்னலோரம் ஒரு கட்டில் கிடைத்ததே பெரிய யோகம். என் முழுப்பெயர் யோகராசா என்பதால் வாட்டு மிஸ்மார், அதாவது தாதிமார், அதையும் சொல்லிச் சிரித்தார்கள்.

சத்திரசிகிச்சை டொக்டர் ஒரு பெண். அதிகம் பேசமாட்டார். என் வயிற்றின் வலது பக்கத்தைக் குளிர்ந்த விரல்களால் அழுத்திப் பார்த்தார், ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே ஏதோ கட்டிபோலத் தட்டுப்படுகிறது, உள்ளே பார்க்க வேண்டும் என்றார். குடல் வெறும் தசை. எக்ஸ்-றே அதற்குள்ளால் போய்விடும், படத்தில் ஒன்றும் விழாது. பேரியம் என்ற வெள்ளைத் தூளைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால், எக்ஸ்-றே அதைத் தாண்டிப் போகாது. தூள் குடல் வழியே ஊர்ந்து போகும்போது நேரத்துக்கு நேரம் படம் பிடித்தால் குடலின் வடிவம் வெள்ளையாகத் தெரியும். எங்கே ஒடுங்கியிருக்கிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று அதிலே பார்க்கலாம். இவ்வளவுதான் சோதனை. இதைக் கேட்டதும் என் நோவு பாதி மறந்துவிட்டது. கலவையா, அது நம்ம விஷயம் என்று ஒரு சந்தோஷம்.

புதன்கிழமை சோதனை. அதற்கு முதல் நாள் மிஸ் வந்து ஒழுங்குகளைச் சொன்னார். இரவு பத்து மணிக்குப் பிறகு சாப்பாடு தண்ணீர் ஒன்றும் கூடாது. சோதனை முடிந்ததும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பேரியம் உள்ளே இறுகி மலத்தைக் கட்டிவிடும். மற்ற எல்லாம் ஒரு காதால் வந்து மறு காதால் போனது. இறுகிவிடும் என்ற சொல் மட்டும் எனக்குள் நின்றது.

கல் அரிகிறவன் கலவையை இடுமுன் அச்சின் உட்புறத்தில் எண்ணெய் பூசுவான். மூலை முடுக்கெல்லாம் பூசுவான். பூசாவிட்டால் கலவை இரும்போடு ஒட்டி இறுகிவிடும், கல்லும் உடையும், அச்சும் பாழ். இருபது வருடம் அதைச் செய்த கைக்கு வேறென்ன தோன்றும்? புவனத்தை அனுப்பி நல்லெண்ணெய் வாங்குவித்தேன். விடிந்ததும் அரைக் கோப்பையில் ஊற்றினேன். அவள் போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு தயங்கினாள்.

"ஒண்டும் குடிக்கப்படாது எண்டு மிஸ் சென்னா தானே?"

"எண்ணெய் குடிக்கிற சாமானா புள்ள? அச்சுக்குப் பூசுறதில்லையா, அதுதான். பூசாட்டி உள்ளுக்கே இறுகிரும்."

ஒரே மூச்சில் குடித்தேன். பிறகு மிஸ் வந்து ஏதும் சாப்பிட்டீங்களா, குடிச்சீங்களா என்று கேட்டபோது இல்லை என்றேன். பொய் சொல்கிறேன் என்ற எண்ணமே இல்லை. நான் குடிக்கவில்லையே, பூசிக்கொண்டேன்.

எக்ஸ்-றே அறையில் இருந்தவர் டெரன்ஸ் சேர். மட்டக்களப்பு டவுனில் பரம்பரையாக வாழும் பறங்கியர். வீட்டில் போர்த்துக்கீசம், வெளியில் எங்களைவிட அழகான மட்டக்களப்புத் தமிழ். மெல்லிய மனுஷன், மூக்குக்கண்ணாடிக்கு நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கரைத்து வரும் போத்தல் மருந்து சண்டையால் லொறிகள் நின்றதில் வரவில்லை, வெறும் தூள்தான் இருக்கிறது, நானே கரைத்தேன் என்று குடிக்குமுன்பே மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். ருசியைக் கேட்பவர்களுக்கு: சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்பைக் கரைத்து, அதில் சீனி போட மறந்தால் எப்படியோ அப்படி. கிளாசின் அடியில் மாவுபோல ஒரு கட்டி தங்கியிருந்தது. அதையும் விரலால் வழித்து விழுங்கச் சொன்னார்.

அன்றைக்குப் பின்னேரம் வரை படம் பிடித்தார்கள். மறுநாள் காலையில் டொக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, வெளிச்சப் பெட்டியில் படத்தைச் செருகிக் காட்டினார். வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் வட்ட வட்டமாக இருட்டு ஓட்டைகள். ஒன்றிரண்டல்ல, குடல் நீளத்துக்கும். வலது பக்கம் கீழே வெள்ளை துண்டு துண்டாக முறிந்து, என்னவென்றே புரியாமல் கிடந்தது. அந்த வட்டங்கள் இருக்கும் இடத்தில் பேரியம் போகவில்லை, ஏதோ அங்கே முளைத்து நிற்கிறது, பல கட்டிகளாக இருக்கலாம் என்றார். இங்கே வைத்துச் செய்ய முடியாது. செவ்வாய்க்கிழமை கொழும்புக்கு அம்புலன்ஸ் போகிறது, அதில் அனுப்புகிறேன். குடலில் நீளமான பகுதியை எடுக்க வேண்டி வரும்.

"எவ்வளவு, டொக்டர்?" என்று கேட்டேன்.

"திறந்துதான் சொல்லலாம். பாதியாகவும் இருக்கும்."

புவனம் என் தோளைப் பிடித்தாள். பிடித்தது என்னைத் தாங்கவா, தான் விழாமல் இருக்கவா என்று தெரியவில்லை. எனக்குப் பயம் வந்தது. அதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன். டொக்டர் சொல்லாமல் விட்ட ஒரு சொல்லை நான் எனக்குள் நூறு தடவை சொல்லிப் பார்த்தேன். பாதிக் குடலோடு ஒரு மனிதன் சீமெந்து மூட்டை தூக்க முடியுமா? சோறு தின்ன முடியுமா? கொழும்புக்குப் போய்த் திரும்பி வர வழி திறந்திருக்குமா? அன்றைக்குப் புவனம் கொண்டுவந்த கஞ்சியை நாங்கள் இருவரும் மாறி மாறி மற்றவரைக் குடிக்கச் சொல்லி, கடைசியில் பக்கத்துக் கட்டில்காரருக்குக் கொடுத்துவிட்டோம்.

அன்று மத்தியானம் டெரன்ஸ் சேர் என் கட்டிலைத் தேடி வந்தார். தன் கலவை சரியில்லை, கட்டியும் கசடுமாக இருந்தது, அதற்கு டொக்டரிடம் நல்ல ஏச்சும் வாங்கியாயிற்று என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"இது உங்கட குடலா, என்ட கலவையா எண்டு எனக்கு விளங்கல்ல யோகராசா. விளங்காம உங்கள வெட்ட அனுப்ப மனம் வருகுதில்ல."

இன்னும் இரண்டு பேருக்குப் போதுமான தூள் இருக்கிறது, திங்கட்கிழமைக்குள் நல்ல கலவை ஒன்று செய்ய முடிந்தால் திரும்பப் படம் பிடிக்க டொக்டர் சம்மதித்திருக்கிறார் என்றார். நான் கட்டிலிலிருந்து எழும்பி உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் தூளைத் தண்ணீரில் போட்டீர்களா, தண்ணீரைத் தூளில் விட்டீர்களா என்று கேட்டேன். தண்ணீரில் தூளைப் போட்டு அடித்தேன் என்றார். சேர், நீங்கள் என் வாடியில் வேலை செய்தால் அன்றைக்கே உங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன் என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. என்னை எக்ஸ்-றே அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்.

அந்த இரண்டரை நாட்களைப்போல் ஒரு சந்தோஷம் எனக்கு ஆஸ்பத்திரிக்கு வெளியேயும் கிடைத்ததில்லை. நோயாளி என்பதே மறந்துபோனது. சேலைன் வந்த வெற்றுப் போத்தல்களைக் கழுவி ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்தோம். ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி தூள். முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்பட்டேன். கடல் வந்து போன பிறகு இந்தக் கரைக் கிணறுகளெல்லாம் உவர். என் வாடியிலும் அந்தத் தண்ணீரில் குழைத்த கல்லில் வெள்ளையாக உப்புப் பூத்தது, பிறகுதான் பவுசர் லொறியில் கொண்டுவந்து தரும் தண்ணீருக்கு மாறினேன். டெரன்ஸ் சேர் கரைத்ததோ வளவுக் கிணற்றிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரில். ஒரு போத்தலில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் பவுசர் தண்ணீர், ஒன்றில் ஊசிமருந்து கரைக்கும் சுத்தத் தண்ணீர் என்று விட்டுக் குலுக்கி வைத்தோம்.

ஒரு தேநீர் குடித்து முடிக்குமுன் குழாய்த் தண்ணீர்ப் போத்தல் திரைந்த பால் மாதிரி ஆகிவிட்டது. மேலே தெளிந்த தண்ணீர், கீழே சொரசொரவென்று துகள். பவுசர் தண்ணீர் கொஞ்சம் பொறுத்தது. சுத்தத் தண்ணீர் அசையவே இல்லை, பால்போல நின்றது. டெரன்ஸ் சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுத் திரும்பவும் பார்த்தார். பிறகு என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார், எனக்கு வயிறு நொந்தது, அதையும் பொருட்படுத்தவில்லை.

அடுத்தது பிசின். அது அவருடைய யோசனை. தூள் பாரமானது, நின்றால் தாழும். கொஞ்சம் பிசின் சேர்த்தால் துகளைத் தாழவிடாமல் பிடித்துக்கொள்ளும், குடல் சுவரிலும் மெல்லிய படையாகப் படியும் என்று எப்போதோ படித்திருந்தார். மருந்தகத்தில் தண்ணிமருந்து செய்ய வைத்திருந்த பிசின் தூளை வாங்கி வந்தார். அதிகம் போட்ட போத்தல் கூழாகி ஊற்ற மறுத்தது. குறைவாகப் போட்டது தாழ்ந்தது. மூன்றாவது சரியாக வந்தது. குழைக்கும் முறை என்னுடையது: தூளில் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து முதலில் களிபோலப் பிசைய வேண்டும், கட்டி உடைந்த பிறகுதான் தண்ணீர் கூட்ட வேண்டும். பிறகு காயத்துக்குக் கட்டும் துணியை இரண்டாக மடித்து அதில் வடித்தோம். அடிக்கவே கூடாது, அடித்தால் நுரைக்கும். நுரை என்றதும் அவர் துள்ளினார். காற்றுக் குமிழும் படத்தில் வட்டமாகத்தான் விழும். அந்த ஓட்டைகள் நுரையாகத்தான் இருக்க வேண்டும் என்று இருவரும் முடிவுகட்டிவிட்டோம். கலவையைக் கரைத்தபின் ஒரு மணித்தியாலம் ஆறவைத்தால் குமிழ் மேலே வந்து உடைந்துவிடும்.

சனிக்கிழமை பின்னேரம் வெற்றி. போத்தலில் நின்ற கலவை மூன்று மணித்தியாலம் கழித்தும் மேலும் கீழும் ஒரே வெள்ளை. காலை வரை நிற்கிறதா என்று பார்க்க, வாய் அகன்ற தெளிந்த போத்தல் ஒன்றில் கொஞ்சத்தை விட்டு என் கட்டிலருகே வைத்துக்கொள்ளச் சொன்னார். தன்னிடம் இருந்தவற்றை எல்லாம் வாட்டுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. என்னிடம் இருக்கிறது சேர் என்றேன்.

இருந்ததுதான். திங்கட்கிழமைக்காகப் புவனம் அன்றைக்குப் புதிதாக ஒரு போத்தல் நல்லெண்ணெய் வாங்கி வந்திருந்தாள். இந்த முறை அரைக் கோப்பை போதாது என்று நானே கணக்குப் போட்டிருந்தேன். பிசின் போட்ட கலவை, நன்றாக ஒட்டும், எண்ணெய் கூட வேண்டும். போத்தலில் இருந்ததைக் கோப்பையில் ஊற்றிக் கட்டிலுக்குக் கீழே மூடி வைத்தேன். போத்தலைத் துவாயால் துடைத்தேன். எக்ஸ்-றே அறையிலிருந்து கலவையை அதில் விட்டுக்கொண்டு வந்து ஜன்னலில் வைத்துவிட்டுப் படுத்தேன். அன்றைக்கு நல்ல நித்திரை.

ஞாயிறு காலையில் டெரன்ஸ் சேர் தேவாலயப் பூசை முடிந்து, தேய்த்த வெள்ளைச் சட்டையோடு நேரே வாட்டுக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை, போத்தலைத்தான் பார்த்தார். அவர் முகம் விழுந்ததைக் கண்டுதான் நான் திரும்பினேன். கலவை திட்டுத் திட்டாக முறிந்திருந்தது. கண்ணாடியோரமாக வட்ட வட்டமாக, சின்னதும் பெரிதுமாக, வெள்ளை ஒட்டாத இடங்கள். வெளிச்சப் பெட்டியில் பார்த்த அதே வட்டங்கள்.

அதே தூள், அதே தண்ணீர், அதே பிசின் என்று அவர் விரல்விட்டு எண்ணினார். அறையில் விட்டு வந்த மிச்சக் கலவையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அது அசையாமல் நின்றது. ஒன்றும் விளங்காமல் என் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். இப்படி நினைத்த நேரம் முறிகிற கலவையை நம்பி இருக்கிற கடைசித் தூளையும் வீணாக்க முடியாது, டொக்டரிடம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் செவ்வாய்க்கிழமை போவதுதான் நல்லது என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்காக ஒரு மனிதன் தன் கையை நொந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் போத்தலை எடுத்து மூக்கருகே பிடித்தேன். நல்லெண்ணெய் மணத்தது. அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சந்தோஷமும் தாங்கவில்லை, அதே நேரம் நிலம் பிளந்தால் உள்ளே இறங்கிவிடலாம் போலவும் இருந்தது. சொல்லாமலும் விடலாம். எண்ணெய் குடிக்காமல் திங்கட்கிழமை படத்துக்குப் போனால் யாருக்கும் தெரியவராது. ஆனால் இவர் படம் பிடிக்கப்போவதில்லை என்கிறாரே. புவனம் கட்டிலின் மறுபக்கம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சேர், இந்தப் போத்தல்ல நல்லெண்ணெய் இரிந்த," என்றேன்.

"கழுவல்லியா?"

"துடச்சன்."

"துடச்சும் மிஞ்சின எண்ணெயா இப்பிடி முறிச்ச?" அவர் போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"அண்டைக்குக் காலையில நான் அரைக் கோப்பை குடிச்சிட்டுத்தான் வந்த நான், சேர்."

அச்சு, எண்ணெய், இறுகுதல் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டிலுக்குக் கீழே இருந்த கோப்பையையும் எடுத்துக் காட்டினேன். அவர் கோப்பையைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், புவனத்தைப் பார்த்தார். ஏசுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

"இத புதன்கிழமையே சென்னிருந்தா," என்றார், "நான் இண்டைக்குப் பூசையில நிம்மதியா இரிந்திருப்பன்."

சொல்லிவிட்டு எழும்பி, டொக்டருக்கு டெலிபோன் எடுக்கக் கிட்டத்தட்ட ஓடினார். தேய்த்த சட்டையில் பேரியம் பட்டதைக்கூடக் கவனிக்கவில்லை. புவனம் கோப்பையை என் கையிலிருந்து வாங்கினாள். நான் அண்டைக்கே சென்ன நான் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எண்ணெயைத் திரும்பப் போத்தலில் விட முடியாதென்பதால் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தலைக்கு வைத்துக்கொண்டாள்.

டொக்டரின் ஏச்சு திங்கட்கிழமை காலையில் முழு வாட்டுக்கும் கேட்டது. குடல் இரும்பு அச்சு இல்லை, அதற்கு ஈரமும் அசைவும் தானாக உண்டு, எண்ணெய் துளித் துளியாகக் கலவைக்குள் மிதந்து கட்டி முளைத்தமாதிரிப் படம் காட்டும், பேரியத்தையும் முறித்துவிடும் என்றார். அந்தப் படத்தை நம்பி உங்களைத் திறந்திருந்தால் என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தப் பாதி வசனம்தான் எனக்கு முழு ஏச்சையும்விட உறைத்தது.

பிறகு புதுக் கலவை. கட்டி இல்லை, கசடு இல்லை, வழவழவென்று ஒரே ஓட்டமாக இறங்கியது. ருசி மட்டும் பழைய சுண்ணாம்புதான், அதற்கு எங்கள் இருவரிடமும் மருந்து இருக்கவில்லை. கால் மணிக்கு ஒரு படம், அரை மணிக்கு ஒரு படம். இடையில் வாங்குப் பலகையில் படுத்திருந்தேன். வெட்டா, இல்லையா என்பதைத் தவிர மனதில் வேறு ஒன்றும் இல்லை. புவனம் கதவுக்கு வெளியே நின்றாள். மண்டூர் முருகனுக்கு என்னென்ன நேர்ந்தாள் என்பதை இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

முதல் படத்தைக் கழுவி எடுத்ததும் ஈரம் சொட்டச் சொட்ட டெரன்ஸ் சேர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். என்னால் படுத்திருக்க முடியவில்லை. வெள்ளை, சுத்த வெள்ளை. குடலின் உள்மடிப்புகள் கோழிச் சிறகுபோல வரி வரியாக விழுந்திருந்தன. ஓர் ஓட்டைகூட இல்லை. என் குடல் இவ்வளவு வடிவானது என்று எனக்குத் தெரியாது. அவர் மெதுவாகப் போர்த்துக்கீசத்தில் ஏதோ சொன்னார். என்னவென்று நான் கேட்கவில்லை, அவர் குரலே போதுமாக இருந்தது.

ஆனால் பின்னேரப் படங்களில், வலது பக்கம் கீழே, சின்னக் குடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில், வெள்ளை திடீரென்று நூல்போல ஒடுங்கியது. பெருவிரல் நீளம்தான் இருக்கும். புதன்கிழமைப் படத்தில் முறிந்து கிடந்த அதே இடம். டொக்டர் அதை நீண்ட நேரம் பார்த்தார். பின்னேரக் காய்ச்சல் எவ்வளவு நாளாக, வீட்டில் யாருக்காவது நெடுநாள் இருமல் இருந்ததா என்று கேட்டார். எங்களோடு தங்கி வாடியில் வேலை செய்த என் அண்ணன் இருமி இருமித்தான் செத்துப்போனார் என்று எனக்கு முந்திப் புவனம் சொன்னாள்.

குடலிலும் காசநோய் வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதென்று நெஞ்சையும் படம் பிடித்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், கையில் ஓர் ஊசி போட்டு மூன்று நாள் கழித்து அது தடித்ததை அளந்தார்கள். செவ்வாய்க்கிழமை அம்புலன்ஸ் நான் இல்லாமல் போனது. வெள்ளிக்கிழமை டொக்டர் என் கட்டிலருகே வந்து நின்றார்.

"காசநோய்தான். வெட்டத் தேவையில்லை. மாதக்கணக்கில் குளிசை போட வேண்டும், ஒரு நாளும் தவறக்கூடாது."

நான் அழுதேன். நாற்பத்தாறு வயது ஆண், வாட்டு நிறைய ஆட்கள், எல்லாரும் பார்க்க வாய்விட்டு அழுதேன். புவனம் டொக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை; பேசாத அந்த மனுஷியும் கையை இழுக்கவில்லை. குளிசை போட்ட முதல் நாள் சிறுநீர் சிவப்பாகப் போனதும் நான் இன்னொரு தடவை செத்துப் பிழைத்தேன். அது மருந்தின் நிறம், பயப்படாதீர்கள் என்று மிஸ் சிரித்தார். இதையும் உங்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

வீட்டுக்குப் போகிற நாளில் விடைபெற எக்ஸ்-றே அறைக்குப் போனேன். டெரன்ஸ் சேர் கலவை செய்யும் முறையை ஒரு முழுத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். சுத்தத் தண்ணீர், பிசின் அளவு, களிபோலப் பிசைவது, துணியில் வடிப்பது, ஒரு மணித்தியாலம் ஆறவைப்பது என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. தண்ணீர்தான் முதல் வரியில் இருக்கும், அது என் கண்டுபிடிப்பாயிற்றே என்று பெருமையோடு மேலே பார்த்தேன். முதல் வரி தண்ணீரைப் பற்றியது அல்ல. "காலையில் என்ன குடித்தார் என்று நோயாளியிடம் கேட்கவும். ஒன்றும் இல்லை என்று சொன்னால், கூட வந்தவரிடமும் கேட்கவும்."

நான் அதை இரண்டாம் தடவை வாசித்துக்கொண்டிருந்தபோது ஏறாவூரிலிருந்து ஒருவர் மனைவியோடு சோதனைக்கு வந்தார். டெரன்ஸ் சேர் வெள்ளைக் கலவை நிறைந்த கிளாசைக் கையில் எடுத்தபடி, காலையில் ஏதும் குடித்தீர்களா என்று கேட்டார். அல்லாஹ்வுக்காக ஒன்றும் இல்லை என்றார் அவர். டெரன்ஸ் சேர் கிளாசை நீட்டவில்லை. பின்னால் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நின்ற மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்க ராத்தா."

அந்தப் பெண் கணவரைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"எக்ஸ்-றே சூடு எண்டு, ஒரு கோப்பை எருமைத் தயிர் குடுத்த நான்."

டெரன்ஸ் சேர் கிளாசைத் திரும்ப மேசையில் வைத்தார்.